இணைய வளங்களும் ஆசிரியரின் கற்றலும்: ராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து

பணியில் சேர்ந்துவிட்ட ஆசிரியர் எங்கிருந்து, யாரிடமிருந்து, எந்த நேரத்தில் கற்கிறார்? அறுபது ஆண்டுகளாக இந்தியக் கல்விக் குழுக்கள் இக்கேள்விக்கு விடை எழுதிவருகின்றன. 1964–66இல் இயங்கிய கோத்தாரி குழு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று மாதம் பணியிடைப் பயிற்சி வேண்டும் என்றது. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் பிறந்தன. அனைவருக்கும் கல்வி இயக்கம் ஆண்டுக்கு 20 நாள் என்று வரையறுத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்றது. அதில் இணையவழிக் கற்றலுக்கும் இடம் தந்தது. மாதத்தில் அளந்தது நாளுக்கு வந்து, நாள் மணிக் கணக்காகியிருக்கிறது. அளக்கும் அலகு சுருங்கச் சுருங்க இணையத்தின் மீதான நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. இவ்விரண்டும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல என்பதே இக்கட்டுரையின் ஐயம்.

ஆசிரியரின் கற்றலுக்கு இணைய வளங்கள் உதவுகின்றனவா என்று பொதுவாகக் கேட்டால் 'ஆம்' என்பதே விடை. அந்த விடையால் பயன் குறைவு. எந்த நிலைமையில், எதற்குத் துணையாக, எதற்குப் பதிலாக என்று பிரித்துக் கேட்கும்போதுதான் கருத்து வேறுபாடுகள் தெரியவருகின்றன.

ஏன் இந்தக் கடற்கரை

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை 200 கிலோமீட்டருக்கும் நீளமானது; வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நிர்வாகக் கணக்கில் 11 ஒன்றியங்கள். ராமேஸ்வரம் தீவு மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. தீவை நிலத்தோடு இணைக்கும் சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது; அதுவரை 1914ஆம் ஆண்டு ரயில் பாலமே வழி. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருப்பதோ பரமக்குடி அருகே மஞ்சூரில். ராமேஸ்வரத்து ஆசிரியருக்கு அது ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு. போகவர ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும். தனுஷ்கோடியில் மீனவக் குழந்தைகளுக்காக நடக்கும் அரசுப் பள்ளியின் ஆசிரியருக்கு அதைவிடவும் கூடுதல் தொலைவு.

2018 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து தேர்வானவை இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். அதன் தரவரிசையில் கல்விக்கு 30 சதவீத எடை உண்டு. அடுத்த நிலைக்கு மாறும் மாணவர் விகிதம், கழிப்பறை, குடிநீர், ஆசிரியர்–மாணவர் விகிதம் முதலியவை அங்கே அளக்கப்படுகின்றன. ஆசிரியரின் கற்றல் தனி அளவீடாக அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. தொலைவும் கண்காணிப்பும் ஒருங்கே மிகுந்த இம்மாவட்டம், இணையவழிப் பயிற்சி குறித்த ஒவ்வொரு கோட்பாட்டையும் உரசிப்பார்க்க ஏற்ற களம்.

அடுக்குமுறை: மேலிருந்து இறங்கும் பயிற்சி

மிகப் பழைய விடை இது. மாநில அளவில் சிலர் பயிற்சி பெறுவார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கும், அக்கருத்தாளர்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்கும் சொல்வார்கள். லட்சக்கணக்கான ஆசிரியர்களை ஒரு பருவத்துக்குள் எட்டிவிட வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்த ஏற்பாடு. அதன் குறையும் நெடுங்காலமாகத் தெரிந்ததே: படி இறங்க இறங்கப் பொருள் நீர்த்துப்போகிறது. மேலே இரண்டு நாள் விவாதித்தது கீழே அரைநாள் குறிப்பாகிவிடுகிறது. கேள்வி எழுப்பும் ஆசிரியருக்குப் பதில் சொல்லும் அதிகாரமும் விவரமும் கடைசிக் கருத்தாளரிடம் இருப்பதில்லை.

2019 ஆகஸ்டில் 42 லட்சம் தொடக்கநிலை ஆசிரியர்களை இலக்காக வைத்துத் தொடங்கிய 'நிஷ்டா' திட்டம், இடைப்படிகளைக் குறைத்து இந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றது. பெருந்தொற்று வந்ததும் 2020 அக்டோபரிலிருந்து அது 'தீக்ஷா' இணையத் தளத்துக்கு முழுமையாக இடம்பெயர்ந்தது. நடுவில் யாரும் இல்லாமல் ஒரே காணொளி எல்லோருக்கும் போய்ச்சேர்ந்தது. நீர்த்துப்போதல் என்ற பிரச்சினை தீர்ந்தது என்றே சொல்லலாம். ஆனால் நேர்ப் பயிற்சியில் அரைகுறையாகவேனும் இருந்த எதிர்க்கேள்விக்கான இடமும் அத்துடன் போனது. காணொளி முடிந்ததும் வரும் பலவிடைத் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெறுவதற்கும், வகுப்பில் கற்பிக்கும் முறை மாறுவதற்கும் உள்ள தொடர்பை அத்தளத்தின் எண்ணிக்கைகள் காட்டுவதில்லை. அவை காட்டுவது பங்கேற்பை மட்டுமே.

தமிழ்நாட்டு அனுபவத்தில் இதற்கு ஒரு முக்கியமான மாற்றுச் சான்று உண்டு. 2003இல் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளின் முறையைத் தழுவியது. ஆசிரியர்கள் முதலில் அங்கே போய் நடக்கும் வகுப்பைக் கண்ணால் பார்த்தார்கள். திரும்பிவந்து கற்றல் அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். 2007–08இல் மாநிலமெங்கும் விரிந்தபோது மற்ற மாவட்டங்களுக்கு அட்டைகள் முடிந்த பொருளாகப் போய்ச்சேர்ந்தன. உருவாக்கும் உழைப்பில் கிடைத்த கல்வி அந்த அட்டைகளோடு பயணப்படவில்லை. இணைய வளங்களைப் பற்றிய இன்றைய விவாதத்துக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்.

தொலைவைக் கடக்கும் கருவி

இரண்டாம் விடை தொழில்நுட்பத்தை நம்புவது. 1975–76இல் அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் நடந்த 'சைட்' சோதனை, தொலைக்காட்சி, வானொலி, அச்சுப் பாடம் மூன்றையும் கலந்து கிராமப்புற ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் தந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட், கல்விக்கென்றே அமைந்த முதல் இந்தியச் செயற்கைக்கோள். 2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. பிறகு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு 79,000க்கும் மேற்பட்ட கையடக்கக் கணினிகள் என்று அறிவிப்புகள் தொடர்ந்தன.

இந்த வரிசையில் ஒவ்வொரு கருவியும் முந்தையதன் தொழில்நுட்பக் குறையைச் சரிசெய்தது. செயற்கைக்கோள் ஒளிபரப்பு பெரும்பாலும் ஒருவழிப் பாதை, இணையம் இருவழி. தொலைக்காட்சிக்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தது. தீக்ஷாவை இரவு பத்து மணிக்கும் திறக்கலாம். தீவில் இருப்பவருக்கு இது சிறு நன்மை அல்ல. பயிற்சிக்காகப் பள்ளியை விட்டுப் போனால் அன்று வகுப்பு நடக்காத ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது மிகப் பெரிய உதவி. தொலைவைக் கடப்பது பற்றி ஐயுறுவோர் இதைக் குறைத்து மதிப்பிடுவதாகவே தோன்றுகிறது.

எனினும் ஆய்வுகள் எச்சரிக்கையோடுதான் பேசுகின்றன. கென்யாவில் தொடக்க வாசிப்புத் திட்டம் ஒன்றில் கையடக்கக் கணினியை வழிகாட்டிகளுக்கும், ஆசிரியர்களுக்கும், வாசிப்புக் கருவியை மாணவர்களுக்கும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். பென் பைப்பரும் மற்றவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று வகையிலும் வாசிப்பு மேம்பட்டது. ஆனால் கருவி ஏதும் இல்லாத அடிப்படைத் திட்டத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக அமையவில்லை. நல்ல பாடத்திட்டமும் தொடர்ந்த வழிகாட்டலும் இருந்த இடத்தில் கருவி சேர்த்தது கொஞ்சம்தான்.

மொழியும் ஒரு தடை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்னெடுத்த 'டெஸ்–இந்தியா' ஆசிரியர்களுக்கான தரமான திறந்த வளங்களை ஏழு மாநிலங்களுக்காக உருவாக்கியது. தமிழ்நாடு அவற்றில் இல்லை. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கிளிக்ஸ்' திட்டமும் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. ஆசிரியர் எதையெல்லாம் படிக்கலாம் என்று உலகம் தரும் பட்டியல் நீளமானது. அதில் தமிழில் கிடைப்பது சிறிய பகுதி. கடலுக்கு அப்பால் இலங்கையின் கல்வி அமைச்சு நடத்தும் ஈ-தக்சலாவ தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் இயங்குகிறது. ராமேஸ்வரத்தில் நின்றால் அந்தத் தமிழ்ப் பாடங்கள் கைக்கெட்டும் தூரம். பாடத்திட்டம் வேறு என்றாலும், இரு கரைத் தமிழாசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் ஒருவர் வளத்தை மற்றவர் முறையாகப் பயன்படுத்திக்கொள்ள இதுவரை வழி செய்யப்படாதது வருத்தத்துக்குரியது.

அருகில் நிற்பவர்

மூன்றாம் விடை, பாடத்தைவிடப் பாடம் நடக்கும்போது வகுப்பில் உடனிருக்கும் வழிகாட்டியை முதன்மையாக வைக்கிறது. இதற்கான சான்றுகளே இன்று வலுவானவை. மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் மூவரும் 60 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட மதிப்பீடு, வகுப்பறை வழிகாட்டல் கற்பிக்கும் முறையைக் கணிசமாகவும் மாணவர் கற்றலை ஓரளவும் உயர்த்துவதாகக் கண்டது. திட்டம் பெரிதாகப் பெரிதாக விளைவு குறைகிறது என்பதையும் அதே மதிப்பீடு மறைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரே பாடத்திட்டத்தை மையப் பயிற்சி வழியாகவும் வகுப்பறை வழிகாட்டல் வழியாகவும் கொடுத்து ஒப்பிட்டபோது, வழிகாட்டலின் பயன் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

நம் கேள்விக்கு மிக நெருங்கியது அந்நாட்டில் நடந்த அடுத்த சோதனை. நேரில் வரும் வழிகாட்டிக்குப் பதிலாகக் கைபேசியிலும் கையடக்கக் கணினியிலும் வழிகாட்டினால் போதுமா என்று மூன்றாண்டு பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவு: நேரடி வழிகாட்டல் குழந்தைகளின் ஆங்கிலப் பேச்சையும் வாசிப்பையும் உயர்த்தியது. தொலைவழி வழிகாட்டலில் பேச்சு சற்றே உயர்ந்தது, வாசிப்பு உயரவில்லை; தாய்மொழி வாசிப்பு பின்தங்கியது. ஒரு நாட்டின் ஒரு மாகாணத்து முடிவை அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுவர முடியாது. இணையம் ஆளுக்கு ஈடாகும் என்ற எதிர்பார்ப்புக்கு எதிராக இதுவரை கிடைத்தவற்றில் அதுவே தெளிவான சான்று என்பதை மட்டும் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இப்பணிக்கென்றே ஒரு பதவி இருக்கிறது: வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளிக்குப் போய், வகுப்பைப் பார்த்து, ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவது அவர் கடமை. இலங்கையின் ஆசிரிய ஆலோசகர் பதவியும் ஒத்த நோக்கம் கொண்டது. ஆனால் பயிற்றுநரின் நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, நலத்திட்டப் பொருள் வழங்கல், புள்ளிவிவரச் சரிபார்ப்பு என்று நிர்வாகப் பணிகளின் பட்டியல்தான் வரும். வகுப்புக்குள் அவர் நுழையும்போது ஆசிரியருக்குத் தோன்றுவது துணையா, ஆய்வா என்பது இதிலிருந்தே தீர்மானமாகிறது. இணைய வளத்துக்கு மிகப் பொருத்தமான இடம் ஒருவேளை இங்கேதான் இருக்கக்கூடும்: பயிற்றுநரின் பதிவேட்டுச் சுமையைக் குறைத்து, அவரை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பும் கருவியாக.

ஆசிரியரே ஆக்குபவர்

நான்காம் விடையின் வேர் 1970களில். ஆசிரியரே தம் வகுப்பின் ஆய்வாளர் என்று லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வாதிட்டார். செய்துகொண்டே சிந்திக்கும் தொழிலறிஞரைப் பற்றி டொனால்ட் ஷோன் 1983இல் எழுதினார். பாடத்தை அறிவதும் அதைக் குழந்தைக்குப் புரியவைக்க அறிவதும் வேறு வேறு என்று லீ ஷுல்மன் 1986இல் பிரித்துக் காட்டினார். இவர்களின் பார்வையில் ஆசிரியர் பயிற்சியைப் பெறுபவர் அல்லர், அறிவை ஆக்குபவர்.

கேரளம் இப்பார்வையை நிறுவனமாக்கியது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல், பின்னர் 'கைட்' ஆனது. கட்டற்ற மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, பள்ளி ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாகவும் உள்ளடக்கம் ஆக்குபவர்களாகவும் வளர்த்தது. தமிழ்நாட்டிலும் இதன் தடயங்கள் உண்டு. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' பெட்டிகளையும் விரைவுக் குறியீடுகளையும் உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். நூலின் இறுதியில் விரைவுக் குறியீடு மேலாண்மைக் குழு என்ற தலைப்பின்கீழ் அவர்கள் பெயர்களைக் காணலாம். 2017இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டு, அவர்கள் கட்டுரைகளும் எழுதினார்கள். கல்வித்துறையின் 'கனவு ஆசிரியர்' இதழ் ஆசிரியர்களின் எழுத்துக்கு இடம் தந்தது.

ராமநாதபுரம் கடற்கரைக்கு இந்த விடை தனியாகப் பொருந்தும். காரணம், இங்கே கற்பிக்க வேண்டியவற்றில் பல, மாநிலப் பொது வளத்தில் இருக்க வாய்ப்பே இல்லாதவை. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகள், அவற்றின் பவளப்பாறைகள், கடற்பாசி எடுக்கும் பெண்களின் தொழிலறிவு, அழகன்குளம் அகழாய்வு, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தின் பொருளாதாரம் எல்லாம் ஐந்தாம் வகுப்பிலிருந்து மேல்நிலை வரை பாடமாகக்கூடியவை. 1947இல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' சமுதாய வானொலி மீனவர் மொழியிலேயே கடலைப் பற்றிப் பேசிவருகிறது. இத்தனை அறிவு சுற்றியிருக்க, மாவட்டத்து ஆசிரியர் சென்னையில் தயாரான காணொளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதை விளக்க ஐந்தாம் வகுப்பு மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனதை அப்துல் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எந்தப் பயிற்சியும் வளமும் அந்த முடிவை அவருக்காக எடுத்துத் தரவில்லை. தனிமனித ஆற்றலை வைத்து அமைப்புக்கு வாதம் கட்டுவது ஆபத்து என்பது உண்மைதான். எனினும் அப்படி முடிவெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அண்மைக் கால எடுத்துக்காட்டு திருப்புல்லாணி. அங்குள்ள சுரேஷ் சுதா அழகன் நினைவு அரசு மேல்நிலைப்பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தை நடத்தி, மாணவர்களுக்குத் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கப் பழக்கினார். அவர்களின் களப்பணி நாளிதழ்களில் செய்தியானது. இத்தகைய முயற்சிக்குத் தேவைப்படுவது பயிற்சிக் காணொளி அல்ல, மூல வளம். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகத்தில் வைத்திருக்கும் தொல்லியல் நூல்கள் அந்த வகை. ஆசிரியர் பயிற்சி என்ற பெயரே இல்லாத ஒரு தளம், ஆசிரியரின் கற்றலுக்கு மிகுதியாக உதவக்கூடும் என்பதை வளங்களைத் திட்டமிடுவோர் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை.

இந்த விடைக்கும் பலவீனங்கள் உண்டு. ஆக்கும் ஆசிரியர்கள் எங்கும் சிறுபான்மையினர். அவர்களில் ஒருவர் மாறுதலாகிப் போனால் அவரது முயற்சி நின்றுபோகிறது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுவதில் பெரும்பகுதி சுற்றறிக்கையும் வினாத்தாளுமே. தரத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் பிழையும் அதே வேகத்தில் பரவும். தன்னார்வம் என்ற பெயரில் அரசு தன் பொறுப்பை ஆசிரியரின் மாலை நேரத்துக்குத் தள்ளிவிடும் வாய்ப்பும் இருக்கிறது.

நேரம் யாருடையது

ஐந்தாவது நிலைப்பாடு விடை என்பதைவிட மறுப்பு. அதிகாரமற்ற சிற்றதிகாரியாக இந்திய ஆசிரியர் ஆக்கப்பட்ட வரலாற்றைக் கல்வியாளர் கிருஷ்ண குமார் எழுதியிருக்கிறார். கல்வி நிர்வாகம் ஆசிரியரைச் சிந்திப்பவராக நடத்தாதவரை எந்தப் பயிற்சியும் மேற்பூச்சு என்பதே அந்த மரபின் வாதம். தொடக்கக்கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் உள்ளிட்ட ஆசிரியர் இயக்கங்கள் இதை நடைமுறைக் கோரிக்கையாக வைக்கின்றன: எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தின் பதிவேற்றங்களிலிருந்து விடுவியுங்கள், கற்பிக்க விடுங்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிக் கையேடுகளும் வகுப்பறைப் பொருள்களும் தொடக்கநிலை ஆசிரியருக்குத் தெளிவான துணை; ஆனால் அதன் செயலிவழி மதிப்பீடு வகுப்பு நேரத்தைத் தின்கிறது என்ற முறையீடும் உடன் எழுந்தது.

கற்பதற்கும் கணக்குக் காட்டுவதற்கும் ஒரே கருவி என்னும்போது, கணக்கே முந்துகிறது. அதற்குக் கெடு உண்டு, கேட்க ஆள் உண்டு; கற்றலுக்கு இரண்டும் இல்லை. இம்மறுப்பில் மிகைப்படுத்தல் இல்லாமல் இல்லை: தரவே வேண்டாம் என்றால் எந்தப் பள்ளிக்கு உதவி தேவை என்பதும் தெரியாமல் போகும். ஆனால் மற்ற நான்கு விடைகளும் கேட்க மறந்த ஒன்றை இது கேட்கிறது. தீவிலிருந்து மஞ்சூர் போகும் பயணத்தை இணையம் மிச்சப்படுத்தித் தந்த ஒரு நாள் யாருக்குப் போனது? பல இடங்களில் அது ஆசிரியருக்குத் திரும்பவில்லை. நேர்ப் பயிற்சிக்குப் பணிநாளும் ஈடுசெய் விடுப்பும் இருந்தன. இணையப் பயிற்சியோ இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் முடிக்கப்படுகிறது. 20 நாளிலிருந்து 50 மணிக்கு வந்த சுருக்கத்தின் மறுபக்கம் இதுதான்.

தீராதவை

இதுவரையிலான சான்றுகளைக் கொண்டு மூன்றைச் சொல்லலாம். இணைய வளம் தனித்து நின்று கற்பிக்கும் முறையை மாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. அருகில் ஒரு வழிகாட்டியோ சக ஆசிரியர் குழுவோ இருக்கையில் அதே வளத்துக்குப் பயன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் ஓரளவு உண்டு. தொலைவை மட்டும் குறைத்து நேரத்தை விடுவிக்காத ஏற்பாடு, பயிற்சியின் கணக்கை உயர்த்தும் அளவுக்குக் கற்றலை உயர்த்துவதாகத் தெரியவில்லை.

தீராத கேள்விகள் இவற்றைவிடக் கடினமானவை. வழிகாட்டலின் பயன் பெரிய அளவில் ஏன் சுருங்குகிறது: ஆள் தரம் குறைவதாலா, அவர்மீது வேறு பணி ஏறுவதாலா? முதலாவது காரணம் என்றால் தீர்வு தேர்வும் பயிற்சியும். இரண்டாவது என்றால் தீர்வு நிர்வாகத்தில் இருக்கிறது. உள்ளூர் வளம் மாணவரின் பொதுத்தேர்வுக் கற்றலுக்கு உதவுமா, அதிலிருந்து திசைதிருப்புமா என்பதும் அளந்து பார்க்கப்பட வேண்டியது. பத்தாம் வகுப்பை எடுக்கும் ஆசிரியருக்கு அது வெறும் கோட்பாட்டு ஐயம் அல்ல.

கோத்தாரி குழு சொன்ன பள்ளி வளாகம் என்ற கருத்து, ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றிய தொடக்கப்பள்ளிகள் வளங்களைப் பகிர்ந்துகொள்வது. பிற்காலக் குறுவள மையமும் (சி.ஆர்.சி.) அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்களைக் கூட்டும் அதே நோக்கத்தது. சி.ஆர்.சி. கூட்டம் இன்று பெரும்பாலும் மேலிருந்து வரும் தலைப்பையும் காணொளியையும் நடத்தி முடிக்கும் நாள். அந்தக் கூட்டத்தின் பொருளை ஓராண்டுக்கு அந்தந்த மையத்து ஆசிரியர்களே தீர்மானித்து, இணையத்தில் உள்ளதில் தேவையானதை எடுத்து, இல்லாததைத் தாங்களே எழுதி, பயிற்றுநர் பதிவேடு இல்லாமல் வகுப்புக்கு வந்துபோனால் என்ன ஆகும்? இதைச் சோதிக்கப் புதுத் தளமோ புதுக் கருவியோ வேண்டாம். ராமநாதபுரத்தின் 11 ஒன்றியங்களில் கடலோரத்தில் சிலவற்றையும் உள்நாட்டில் சிலவற்றையும் தேர்ந்து, அண்டை மையங்களோடு குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் ஒப்பிடலாம். ஆய்வும் மாவட்டப் பயிற்சி நிறுவனத்துக்கு வகுக்கப்பட்ட பணிகளில் ஒன்று, மஞ்சூர் தொடங்கலாம்.